உருகுவது 132, உறைவது 117: ஒரே பாலித்தீனுக்கு எப்படி இரண்டு எண்?

கேள்விக்குறி23 | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல், கடைசி வருட புராஜெக்டில் இருக்கிறேன். பாலிமர் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன், கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.டி.பி.இ (அடர்த்தி கூடிய பாலித்தீன்) குருணை, சுமார் 8 மில்லிகிராம். டி.எஸ்.சி.யில் (சூடாகும்போதும் குளிரும்போதும் சாம்பிள் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது, விடுகிறது என்று அளக்கும் கருவி) நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 145 வரை சூடாக்கினேன். 132இல் உருகும் பீக் வந்தது. அதே வேகத்தில் குளிர்வித்தால் 117இல்தான் உறைகிறது. மறுபடி சூடாக்கினால் 131. உருகுநிலையும் உறைநிலையும் ஒன்று என்றுதானே பள்ளியில் படித்தோம்? பனிக்கட்டிக்கு இரண்டுமே பூஜ்யம். இங்கே 15 டிகிரி எங்கே போனது?

இதைவிடக் குழப்பம் ஒன்று இருக்கிறது. இன்னொரு சாம்பிளை உருக்கி, 124க்கு இறக்கி, மூன்று மணி நேரம் அப்படியே வைத்தேன். அப்புறம் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து சூடாக்கினால் 135இல் பெரிய பீக், 127 பக்கம் ஒரு சின்ன மேடு. ஒரே பை, ஒரே குருணை! கைடிடம் காட்டினேன். மீக்குளிர்வு (உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்பது) என்று சொல்லி, போய்ப் படி என்றார். படித்தேன். எல்லாம் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கிறது.

அச்சுப்பட்டறை | செவ்வாய், இரவு 10:15

தம்பி, நான் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஆள், தியரி தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த 15 டிகிரியில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. பக்கெட் மூடி ஓட்டும்போது பேரல் 210, 220இல் இருக்கும், மோல்டுக்குள் சில்லர் தண்ணீர் ஓடும். சில்லர் மக்கர் செய்து மோல்டு சூடேறிவிட்டால் அன்றைக்கு வரும் மூடி எல்லாம் அளவில் சுருங்கிவிடும். பக்கெட்டில் உட்காராது. அதே குருணை, அதே மெஷின், அதே ஆள். மெதுவாக ஆறினால் அதிகம் சுருங்கும் என்பது கை கண்ட அனுபவம். காரணத்தை யாராவது சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

இழைபிரி | செவ்வாய், இரவு 11:50

இரண்டு பேர் கேட்பதும் ஒரே கேள்விதான். கொஞ்சம் நீளும், பரவாயில்லையா?

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். தூசு தும்பு இல்லாத நுண்துளியாக இருந்தால் தண்ணீர்கூட மைனஸ் 35க்குக் கீழே போகும் வரை திரவமாகவே நிற்கும். படிகம் வளர முதலில் ஒரு கரு வேண்டும், அந்தக் கரு உண்டாவதுதான் பாடு. பாலித்தீனையும் இப்படி நுண்துளிகளாக்கிப் பார்த்திருக்கிறார்கள். 85 டிகிரி பக்கம் வரை உறையாமல் நின்றது. உங்கள் பானில் (சாம்பிள் வைக்கும் சின்னத் தட்டில்) 117லேயே உறைகிறது என்றால் குருணைக்குள் இருக்கும் வினையூக்கி எச்சமும் தூசும் கருவாக உதவுகின்றன என்று அர்த்தம். ஆகவே 117 பாலித்தீனின் குணம் அல்ல, அந்தக் குருணையும் அந்தக் குளிர்விக்கும் வேகமும் சேர்ந்து கொடுத்த எண். நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் இறக்கிப் பாருங்கள், இன்னும் மேலே உறையும்.

இதுவரை தண்ணீரும் பாலித்தீனும் ஒரே கட்சி. இனிமேல்தான் பிரிகிறார்கள். மைனஸ் 5இல் உறைந்த பனிக்கட்டியும் மைனஸ் 30இல் உறைந்த பனிக்கட்டியும் பூஜ்யத்தில்தான் உருகும். பாலித்தீன் அப்படி இல்லை. எந்த வெப்பநிலையில் படிகமானது என்பது அது உருகும் வெப்பநிலையில் பதிந்துவிடுகிறது. நீங்கள் 124இல் வைத்த சாம்பிள் 135இல் உருகியது அதனால்தான். பெரிய பீக், அந்த மூன்று மணி நேரத்தில் வளர்ந்தது. சின்ன மேடு, 124இல் உறைய முடியாமல் மிச்சம் நின்று, அறை வெப்பத்துக்கு இறக்கும் வழியில் அவசரமாக உறைந்த கூட்டம்.

ஏன் பதிகிறது? 1957இல் மூன்று பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள்: பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லர், ஜெர்மனியின் மைன்ஸில் எர்ஹார்ட் ஃபிஷர், அமெரிக்காவில் பால் டில். பாலித்தீனைச் சைலீன் என்ற கரைப்பானில் மிகக் கொஞ்சமாகக் கரைத்து ஆறவிட்டால் சாய்சதுர வடிவில் மெல்லிய தகடுகள் பிரிந்து வருகின்றன. தகட்டின் கனம் சுமார் 10 நானோமீட்டர். எலெக்ட்ரான் விளிம்பு விளைவை (எலெக்ட்ரான் கற்றை சிதறும் விதத்தை) எடுத்துப் பார்த்தால் சங்கிலிகள், அதாவது நீளநீளமான பாலித்தீன் மூலக்கூறுகள், தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. இங்கேதான் கணக்கு உதைக்கிறது. மூலக்கூறு எடை ஒரு லட்சம் உள்ள சங்கிலியை முழுதாக நீட்டினால் 900 நானோமீட்டர் நீளம் வரும். 900 நீளச் சங்கிலி 10 கனத் தகட்டில் நெட்டுக்குத்தாக எப்படி நிற்கும்? மடிந்து மடிந்துதான் நிற்க முடியும். கெல்லர் அதைத்தான் சொன்னார். ஒரு சங்கிலி தொண்ணூறு முறை போல மேலும் கீழும் போய் வந்திருக்கிறது. (பெல் ஆய்வகத்தின் ஸ்டோர்க்ஸ் 1938லேயே கட்டாபெர்ச்சா (ரப்பர் மாதிரி ஒரு மரப்பால்) படலத்தைப் பார்த்து இதே யோசனையைச் சொல்லியிருக்கிறார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.)

தகடு மெல்லியது என்பதால் உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டால் அதற்கு மேற்பரப்பு மிக அதிகம். மடிப்புகள் இருக்கும் அந்த இரண்டு முகங்களும் சங்கிலிக்குச் சங்கடமான இடங்கள், அங்கே ஆற்றல் செலவு கூடுகிறது. அதனால் மெல்லிய தகடு சீக்கிரம் உருகும். கிப்ஸ் தாம்சன் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: உருகுநிலையில் ஏற்படும் இறக்கம் தகட்டின் கனத்துக்கு எதிர்விகிதம். முடிவில்லாத கனமுள்ள பாலித்தீன் படிகம் 141 டிகிரியில் உருகும் என்று வைத்து, வழக்கமாக எடுக்கும் மேற்பரப்பு ஆற்றலைப் போட்டுப் பார்த்தால் 10 நானோமீட்டர் தகடு 116இல் உருகும், 20 என்றால் 129, 30 என்றால் 133. அடுக்களைத் தராசில் நிறுத்த மாதிரிதான், ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கும்.

அதிக வெப்பநிலையில் உறைந்தால் தகடு கனமாக வளரும், கனமானது தாமதமாக உருகும். உங்கள் 124 ரகசியம் அவ்வளவே.

அச்சுப்பட்டறை அண்ணா, உங்கள் மூடிக்கும் இதே கதை. பாலித்தீன் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.00 கிராம், படிகமாகாத பகுதியின் அடர்த்தி 0.85. மோல்டு சூடாக இருந்தால் சங்கிலிகளுக்கு அவகாசம் கிடைக்கிறது, அதிகப் பங்கு படிகமாகிறது, அதாவது அடர்த்தியான பக்கம் போகிறது. மூடி சுருங்காமல் என்ன செய்யும்?

அச்சுப்பட்டறை | புதன், காலை 6:05

இருபது வருடமாகச் சில்லர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது. நன்றி தம்பி. (திட்டுவதை நிறுத்தப்போவதில்லை.)

கேள்விக்குறி23 | புதன், காலை 8:30

இழைபிரி அண்ணா, மிக்க நன்றி. ஆனால் ஒன்று இடிக்கிறது. மடியாமல் நீட்டி நின்றால்தான் ஆற்றல் குறைவு, உருகுநிலை அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் எதற்கு மடிய வேண்டும்? இயற்கை குறைந்த ஆற்றலைத் தேடிப் போகும் என்றுதானே படித்தோம்?

இழைபிரி | புதன், மதியம் 1:20

தேடிப் போகும், ஆனால் போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

தீக்குச்சிகளைப் பெட்டியில் அடுக்குவது சுலபம். நாற்பது முழம் கொடிக்கயிற்றைக் குவியலாகப் போட்டுவிட்டு, அதே பெட்டியில் குச்சிகள் மாதிரி அடுக்கு என்றால்? முழுக் கயிற்றையும் சிக்கெடுத்து நீட்டிவிட்டுத்தான் அடுக்குவேன் என்று நின்றால் பொழுது விடிந்துவிடும். கைக்கு வந்த ஒரு முழத்தை வைப்போம், மடித்து அடுத்த முழத்தை வைப்போம்.

சங்கிலியும் அப்படித்தான். வளரும் படிகத்தின் விளிம்பில் சங்கிலியின் ஒரு துண்டு நேராகி ஒட்டவேண்டும். நேராவது என்றாலே அதுவரை அது அனுபவித்த ஆயிரம் வளைவுநெளிவுகளை, அதாவது எண்ட்ரோபியை, விட்டுக்கொடுப்பது. துண்டு நீளமானால் விட்டுக்கொடுப்பதும் அதிகம், அவ்வளவு நீளம் தற்செயலாக நேராகும் வாய்ப்பும் குறைவு. ரொம்பக் குட்டையானால் ஒட்டிய கையோடு உருகிப் போய்விடும். அந்த வெப்பநிலையில் உருகாமல் தாக்குப்பிடிக்கும் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எது இருக்கிறதோ, அதுதான் வேகமாக வளரும். முந்திக்கொண்டதே முழுத் தகட்டையும் நிரப்பிவிடும். வெப்பநிலை குறைந்தால் குட்டைத் துண்டுகளும் தாக்குப்பிடிக்கும், தகடு மெல்லியதாகும். 1960இல் ஹாஃப்மனும் லாரிட்சனும் எழுதிய கோட்பாட்டின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

நீட்டி நிற்கும் படிகமும் உண்டு. 1960களில் வுண்டர்லிக் குழுவினர் சுமார் 5000 மடங்கு காற்றழுத்தத்தில் பாலித்தீனை உறையவைத்து மைக்ரோமீட்டர் கணக்கில் கனமுள்ள படிகங்களைப் பெற்றார்கள். அவை 140ஐ நெருங்கித்தான் உருகின. ஆக, போகவேண்டிய ஊர் இருக்கிறது. வழியில்தான் நெரிசல்.

பாகுநிலை | புதன், மாலை 4:10

நேற்றைய இட்லி ஃபிரிட்ஜில் கல்லாவதும் இதே கதைதானே? மாவுச்சத்து முதல்முறை வெந்து கூழாக 70 டிகிரி பக்கம் வேண்டும். ஃபிரிட்ஜில் மறுபடி படிகமானது 50, 60லேயே இளகிவிடும். அவசரமாக உறைந்தது, அதனால் சீக்கிரம் உருகுகிறது.

இழைபிரி | புதன், மாலை 4:45

கிட்டத்தட்ட சரி. ஆனால் மாவுச்சத்தில் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்ட சுருள்கள்தான் அடுக்கப்படுகின்றன, பாலித்தீன் மாதிரி மடிப்பு இல்லை. தண்ணீரின் பங்கும் பெரிது. இட்லிக்குத் தனி இழை போடலாம், நான் வருகிறேன்.

சுவிட்சுபோர்டு | புதன், இரவு 10:30

இழைபிரி, நீங்கள் கதையைக் கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்கிறீர்கள். சைலீனில் வளர்த்த தகட்டில் ஒழுங்கான மடிப்பு, சரி. இந்தத் தம்பியின் பானில் கரைப்பான் எங்கே இருக்கிறது? உருகிய குழம்பில் ஒவ்வொரு சங்கிலியும் நூறு சங்கிலிகளோடு பின்னிக் கிடக்கிறது. ஒரே சங்கிலி வந்து அடக்கமாகப் பக்கத்திலேயே மடிந்து மடிந்து உட்காரும் என்பது படம் போட வசதி, அவ்வளவுதான்.

பாலிமர் விஞ்ஞானி ஃப்ளோரி 1962லேயே இதை எதிர்த்தார். சங்கிலி தகட்டிலிருந்து வெளியே வரும், படிகமாகாத பகுதியில் அலையும், வேறு எங்கோ நுழையும், அல்லது அடுத்த தகட்டுக்கே போய்விடும் என்றார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கண்டபடி செருகிய வயர்கள் மாதிரி. அதனால்தான் அதற்கு சுவிட்சுபோர்டு மாதிரி என்றே பெயர், என் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அவர் சொன்ன முக்கியமான வாதம்: படிகமாகும் வேகத்தைப் பார்த்தால், பின்னிக் கிடக்கும் சங்கிலி சிக்கெடுத்துக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்து சேர நேரமே கிடையாது. பிற்பாடு நியூட்ரான் சிதறலில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய சங்கிலிகளை அளந்தார்கள். குழம்பில் இருந்தபோது ஒரு சங்கிலி எவ்வளவு இடத்தில் பரவிக் கிடந்ததோ, படிகமான பிறகும் ஏறக்குறைய அவ்வளவே. ஒழுங்காக மடிந்து ஒரே தகட்டுக்குள் போயிருந்தால் அந்த அளவு மாறியிருக்க வேண்டாமா?

இழைபிரி | வியாழன், காலை 7:15

அந்த நியூட்ரான் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளோரி பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. 1979இல் கேம்பிரிட்ஜில் இதற்காகவே ஃபாரடே விவாதக் கூட்டம் நடந்தது. பிரிஸ்டலின் சார்லஸ் ஃபிராங்க் அங்கே வைத்த வாதம் சின்னப்பிள்ளைக்கும் புரியும். தகட்டுக்குள் சங்கிலிகள் நெருக்கமாக, நேராக நிற்கின்றன. எல்லாச் சங்கிலியும் முகத்தைத் தாண்டி வெளியே வந்து இஷ்டத்துக்கு அலைகிறது என்றால், அலையும் சங்கிலிக்கு நேராக நிற்கும் சங்கிலியைவிட அதிக இடம் தேவை. அவ்வளவும் அந்தப் பரப்புக்கு மேலே கொள்ளாது. கணக்குப் போட்டால் படிகமாகாத பகுதி படிகத்தைவிட அடர்த்தியாக இருக்க வேண்டி வரும். நாம் அளப்பது 0.85. ஆகவே பாதிக்கு மேற்பட்ட சங்கிலிகள் முகத்திலேயே, கிட்டத்திலேயே, திரும்பித்தான் ஆகவேண்டும்.

குளத்துக் கோயில் திருவிழாவில் வாசலை விட்டு வெளியே வரும் கூட்டம் மாதிரி. எல்லோரும் வெளியே வந்து கையை வீசி நடக்க இடம் இல்லை. பாதிப் பேர் வாசலிலேயே திரும்பி உள்ளே போனால்தான் மூச்சுவிட முடியும்.

சுவிட்சுபோர்டு | வியாழன், காலை 9:00

இடநெருக்கடி வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கிட்டத்தில் திரும்புவது வேறு, அடுத்த இடத்திலேயே கச்சிதமாக நுழைவது வேறு. நீங்கள் முதலில் எழுதியது இரண்டாவது.

இழைபிரி | வியாழன், காலை 9:20

சரி, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கரைசலில் வளர்ந்ததற்கு மட்டும் அது பொருந்தும். குழம்பிலிருந்து வந்ததில் கொஞ்சம் கச்சிதமான மடிப்பு, கொஞ்சம் தளர்ந்த வளையம், கொஞ்சம் அடுத்த தகட்டுக்குப் பாலம். அந்தப் பாலங்கள் இல்லாவிட்டால் அண்ணனின் பக்கெட் ஓங்கித் தட்டினாலே தகடு தகடாக உதிரும், அதனால் எனக்கும் அவற்றின் மேல் மரியாதை உண்டு.

பால்வெட்டு | வியாழன், இரவு 8:40

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் மூன்று தலைமுறையாக ரப்பர். ரப்பரை யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பரும் படிகமாகும். மெதுவாக. மிக வேகமாகப் படிகமாவது மைனஸ் 25 பக்கம், அங்கேயும் சில மணி நேரம் ஆகும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் தாமதம். மேலே போனால் கரு உண்டாகாது, கீழே போனால் சங்கிலி அசையாது. மைனஸ் 70 பக்கம் போனால் கண்ணாடி மாதிரி விறைத்து, படிகமாவதும் நின்றுவிடும். எங்கள் ஊர் வெயிலில் ஷீட் அடுக்கி வைத்தால் இந்தப் பேச்சே எழாது. குளிர் நாடுகளுக்குக் கப்பலில் போன பேல் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து பலகை மாதிரி ஆகிவிடும். கெட்டுப்போனது என்று நினைப்பவர்கள் உண்டு. சூடான அறையில் வைத்தால் பழையபடி இளகிவிடும், உருகுவதுதான் அது.

உங்கள் 124, 135 விவகாரத்தை ரப்பரில் 1946லேயே அளந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் வுட், பெக்கடால் என்ற இருவர். எந்த வெப்பநிலையில் படிகமாக்கினார்களோ அதற்குச் சில டிகிரி மேலே போனதும் ரப்பர் உருகத் தொடங்கியது. மைனஸ் 40இல் படிகமானது மைனஸிலேயே இளகத் தொடங்கும், 14இல் படிகமானது அதற்கும் மேலே வந்துதான் இளகும். மடிப்பு, தகடு என்ற பேச்சே வருவதற்குப் பதினொரு வருடம் முந்தி.

இன்னொன்று. ஒரு அகலமான ரப்பர் பேண்டை எடுத்து உதட்டில் வைத்து, சடாரென்று நன்றாக இழுங்கள். சூடாக இருக்கும். இழுத்தபடியே ஒரு நிமிடம் வைத்து, விட்டதும் மறுபடி உதட்டில் வையுங்கள், ஜில்லென்று இருக்கும். இழுக்கும்போது சங்கிலிகள் வரிசையாகி, அறை வெப்பத்திலேயே ஒரு பங்கு படிகமாகிறது. விட்டால் உருகுகிறது. இழுத்த ரப்பரில் படிகம் இருப்பதை 1925இல் காட்ஸ் எக்ஸ்-ரே படத்தில் காட்டினார். இழுப்பதே எண்ட்ரோபியைக் குறைத்துவிடுவதால், உறைய அது விட்டுக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். உருகுநிலை ஏறிவிடும்.

கேள்விக்குறி23 | வியாழன், இரவு 9:10

பால்வெட்டு ஐயா, இப்போதுதான் ஹாஸ்டலில் ரப்பர் பேண்டைத் தேடி எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். உண்மை! ரூம் நண்பன் ஒரு மாதிரி பார்க்கிறான்.

அச்சுப்பட்டறை | வியாழன், இரவு 9:55

இழுத்தால் படிகமாகும் என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்து ஷெட்டில் பெட் பாட்டில் ஊதுகிறார்கள். ப்ரீஃபார்ம் (ஊதுவதற்கு முந்திய குட்டைக் குழாய்) கண்ணாடி மாதிரி இருக்கும், ஊதிய பாட்டிலும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் ஹீட்டரில் ப்ரீஃபார்ம் அதிக நேரம் நின்றுவிட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும், ஸ்கிராப்தான். பாட்டிலில் சூடான ரசத்தை ஊற்றினால் உடம்பு சூம்பிப்போகும். இரண்டுக்கும் இந்தப் படிகக் கதைதானா?

இழைபிரி | வியாழன், இரவு 11:30

ஆமாம், பெட் இதற்கு அருமையான உதாரணம். அதன் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் இருப்பதால் பாலித்தீன் மாதிரி சட்டென்று அடுக்கிக்கொள்ளாது. பாலித்தீனை எவ்வளவு அவசரமாகக் குளிர்வித்தாலும் கொஞ்சமாவது படிகமாகிவிடும். பெட்டை 280 டிகிரி குழம்பிலிருந்து குளிர்ந்த மோல்டில் இறக்கினால் படிகமாகாமலே விறைத்துவிடுகிறது. அதுதான் ப்ரீஃபார்ம். அதைத் திரும்ப 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து ஊதும்போது, பால்வெட்டு ஐயா சொன்ன இழுவைப் படிகங்கள் வருகின்றன. அவை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை, வெளிச்சத்தைச் சிதறடிக்காது, பாட்டில் தெளிவாக இருக்கும். இழுக்காமல் சும்மா சூட்டில் விட்டால் மைக்ரோமீட்டர் கணக்கில் உருண்டைப் படிகத் திரள்கள் வளரும், வெளுத்துவிடும்.

ரசம் ஊற்றினால் சூம்புவது உருகுவது அல்ல. பெட் உருகுவது 255 பக்கம். ஆனால் படிகமாகாத பகுதி 70 சொச்சத்தில் இளகிவிடுகிறது, இழுபட்ட சங்கிலிகள் பழையபடி சுருளப் பார்க்கின்றன. கவனித்திருப்பீர்கள், சூடாக நிரப்பும் சில ஜூஸ் பாட்டில்களின் வாய்ப்பகுதி வெள்ளையாக இருக்கும். வாய்ப்பகுதி இழுபடுவதில்லை, அதனால் அதை வேண்டுமென்றே சூடுகாட்டி வெளுக்க வைப்பார்கள், சூட்டில் மூடித் திருகு நெளியாமல் இருக்க.

கேள்விக்குறி23 | வெள்ளி, மாலை 5:20

மீண்டும் என் பிரச்சினைக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம். 132க்குக் கிப்ஸ் தாம்சன் கணக்குப் போட்டேன். தகடு 27 நானோமீட்டர் வந்தது. அதை அப்படியே தீசிஸில் எழுதலாமா? நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கிய சாம்பிள்தான்.

சுவிட்சுபோர்டு | வெள்ளி, மாலை 6:00

எழுதாதீர்கள்! அது நீங்கள் வைத்த தகடு இல்லை, உருகிய தகடு. இரண்டும் ஒன்றில்லை.

இழைபிரி | வெள்ளி, இரவு 7:45

சுவிட்சுபோர்டு சொல்வதை நான் விரிக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நீங்கள் சூடாக்கும்போது டி.எஸ்.சி. சும்மா அளந்துகொண்டிருக்கவில்லை, சாம்பிளை மாற்றிக்கொண்டே போகிறது. 110, 115க்கு வரும்போதே மெல்லிய தகடுகள் உருகுகின்றன. ஆனால் அந்த வெப்பநிலை அந்தச் சங்கிலிக்கு இன்னும் மீக்குளிர்வுதான், ஆகவே அது பக்கத்தில் இருக்கும் தகட்டின் மேலேயே, முன்னைவிடக் கனமாக, மறுபடி உறைகிறது. இன்னும் சூடேறினால் அதுவும் உருகி, இன்னும் கனமாக உறைகிறது. உருகாமலேயே கூடப் பாலித்தீன் சங்கிலிகள் படிகத்துக்குள் வழுக்கி நகர்ந்து தகட்டைத் தடிமனாக்கும். கடைசியில் நீங்கள் பார்க்கும் 132, இந்த ஓட்டப்பந்தயம் எங்கே முடிந்தது என்பதைச் சொல்கிறது. எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லாது. தகட்டின் கனம் வேண்டுமென்றால் சாம்பிளைச் சூடாக்காமல் சிறுகோண எக்ஸ்-ரே சிதறலில் அளக்க வேண்டும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரி உறையவைத்த சாம்பிள்களை வெவ்வேறு வேகத்தில் சூடாக்குங்கள். இரண்டு பீக் வரும் பாலிமர்களில் மேல்பீக் மறுஉறைவால் வருகிறது என்றால், வேகம் கூடக்கூட அது சிறுத்துக்கொண்டே போகும். ஏனென்றால் திருத்திக்கொள்ள நேரம் இல்லை. உங்கள் 127, 135 விஷயத்தில் இரண்டு கூட்டமும் உண்மையிலேயே தனித்தனி என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பதை நிரூபித்துவிடுவது நல்லது.

இன்னொரு கேள்வி. முதல் சூட்டில் 145 வரைதான் போனீர்களா? அங்கே எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?

கேள்விக்குறி23 | வெள்ளி, இரவு 8:05

வைக்கவே இல்லை. 145 தொட்டதும் திருப்பிவிட்டேன்.

இழைபிரி | வெள்ளி, இரவு 8:20

அப்படியானால் உங்கள் 117லும் சந்தேகம் வருகிறது. பீக் முடிந்துவிட்டது என்பதால் பழைய படிகத்தின் சுவடு எல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மிச்சம் மீதி இருக்கும் துணுக்குகள் குளிர்விக்கும்போது கருவாகி, சாம்பிளைச் சீக்கிரமே உறையவைத்துவிடும். 170, 180 வரை போய் ஐந்து நிமிடம் வையுங்கள். நைட்ரஜன் ஓடட்டும், இல்லாவிட்டால் ஆக்சிஜன் சங்கிலியைக் கடித்துவிடும்.

பழைய சுவடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெஃப்ளான் நல்ல சாட்சி. தயாரித்த பொடியாக முதல்முறை உருகுவது 340ஐ ஒட்டி, அடுத்தமுறை 327. எத்தனை முறை உருக்கி உறையவைத்தாலும் அந்த முதல் 340 திரும்ப வராது. சங்கிலி வளர வளரவே உடனுக்குடன் படிகமானது அது, சிக்கிக்கொள்ள நேரமே இருக்கவில்லை. ஒருமுறை உருகிப் பின்னிக்கொண்டால் போனது போனதுதான்.

சுவிட்சுபோர்டு | வெள்ளி, இரவு 10:50

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. இழைபிரி ஹாஃப்மன்-லாரிட்சனை எழுதியதைப் பார்த்து அது முடிந்த கேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஸாட்லர், விளிம்பு வழுவழுப்பான சுவர் அல்ல, கரடுமுரடானது, தப்பாக ஒட்டியது கழன்று போவதற்கே நேரம் ஆகிறது என்றார். ஃப்ரைபர்க்கின் ஸ்ட்ரோபல், நேரே படிகம் வருவதில்லை, முதலில் பாதி ஒழுங்குள்ள மெல்லிய அடுக்கு வந்து அது பிறகு படிகமாகிறது என்றார். மூன்று பேருக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த சோதனை, நீளம் துல்லியமாகத் தெரிந்த ஆல்கேன்கள். எல்லாச் சங்கிலியும் ஒரே நீளம், பாலித்தீனின் பொடிசு. 1985இல் உங்கரும் கெல்லரும் சகாக்களும் 390 கார்பன் வரை உள்ளவற்றைப் பார்த்தார்கள். தகட்டின் கனம் முழு நீளம், பாதி, மூன்றில் ஒன்று என்றே வந்து நிற்கிறது. மடிப்பை இதைவிடக் கண்ணுக்கு நேரே காட்ட முடியாது. வேடிக்கை அதற்கு அப்புறம்தான். 246 கார்பன் ஆல்கேனை வெப்பநிலை குறைத்துக்கொண்டே போனால் படிக வளர்ச்சி வேகம் கூடத்தானே வேண்டும்? ஒரு இடத்தில் குறைந்து, ஏறக்குறைய நின்றே போய், பிறகு கூடுகிறது. மடியாத படிகம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே மடிந்த சங்கிலிகள் வந்து தப்பாக ஒட்டி வழியை அடைத்துக்கொள்கின்றன. அவை நிலைத்து நிற்கவும் முடியாது, சட்டென்று போகவும் போகாது. சங்கிலியே தன் படிகத்துக்கு விஷம். ஹாஃப்மன்-லாரிட்சனின் பழைய வடிவத்தில் இதற்கு இடமே இல்லை.

இழைபிரி | வெள்ளி, இரவு 11:15

ஒப்புக்கொள்கிறேன். மாணவருக்கு முதல் படம் வேண்டும் என்று சுருக்கினேன். நாளைக்கு வைவாவில் யாராவது 246 கார்பனைக் கேட்டுவிட்டால் என்னைத் திட்டுவார்.

கேள்விக்குறி23 | அடுத்த வியாழன், இரவு 9:30

வந்துவிட்டேன். மெஷின் ஸ்லாட் கிடைக்க ஐந்து நாள் ஆனது.

180 வரை போய், ஐந்து நிமிடம் வைத்து, 10 டிகிரி வேகத்தில் குளிர்வித்தேன். உறையும் பீக் 117இலிருந்து 115.5க்கு இறங்கியது. அதாவது பழைய ஓட்டத்தில் கொஞ்சம் சுவடு இருந்திருக்கிறது. 124இல் வைத்த சாம்பிளை 2, 10, 40 என்று மூன்று வேகத்தில் சூடாக்கினேன். இரண்டு பீக்கும் மூன்றிலும் இருந்தன, பரப்பளவு விகிதம் பெரிதாக மாறவில்லை. தனித்தனிக் கூட்டம் என்று அண்ணா சொன்னது சரி போலிருக்கிறது. ஆனால் 40இல் இரண்டு பீக்குமே இரண்டு மூன்று டிகிரி மேலே தள்ளிப் போய்விட்டன. வேகமாகச் சூடாக்கினால் திருத்திக்கொள்ள நேரமில்லாமல் கீழேதானே உருக வேண்டும்?

இழைபிரி | அடுத்த வியாழன், இரவு 10:10

அருமையான வேலை. தள்ளிப் போனது பாலித்தீனின் குணமா, மெஷினின் சோம்பலா என்று முதலில் பாருங்கள். 40இல் சூடு பானைத் தாண்டிச் சாம்பிளுக்குள் போய்ச்சேரத் தாமதமாகும். இண்டியத்தை (உருகுநிலை துல்லியமாகத் தெரிந்த உலோகம்) அதே 40இல் ஓட்டுங்கள். அது 156.6இல் உருகத் தொடங்க வேண்டும். எவ்வளவு தள்ளி வருகிறதோ அதைக் கழியுங்கள். 8 மில்லிகிராம் வேண்டாம், 2 போதும், குருணையை மெல்லிசாகச் சீவிப் பானின் அடியில் ஒட்டினாற்போல வையுங்கள். கழித்த பிறகும் மிச்சம் மேலே நின்றால் அது வேறு பேச்சு. கனமான படிகம் வேகமாகச் சூடேறும்போது உருக நேரமில்லாமல் மீச்சூடாவது உண்டு.

அச்சுப்பட்டறை | அடுத்த வியாழன், இரவு 10:40

தம்பி, சீவுவதற்குக் குருணை வேண்டாம், வழுக்கும். முகவரியை உள்பெட்டியில் போடுங்கள், 0.2 மில்லிமீட்டர் ஹெச்.டி.பி.இ பிலிம் துண்டு அனுப்புகிறேன். எந்த கிரேடு என்று பையிலிருந்து பார்த்து எழுதியே அனுப்புகிறேன்.

கேள்விக்குறி23 | அடுத்த வியாழன், இரவு 10:52

அனுப்பிவிட்டேன் அண்ணா. அடுத்த ஸ்லாட் 14ஆம் தேதி. இண்டியத்தோடு போகிறேன்.